விளக்கு வைத்த பிறகு ஆடும் ஆட்டம்

தமிழ்நாட்டில் ஆண்கள் கூடி உட்கார்ந்து விளையாடும் இடத்துக்கு அழகான ஒரு பெயர் இருக்கிறது: மனமகிழ் மன்றம். எந்த ஊருக்குப் போனாலும் ஏதாவது ஒரு தெருவில் அந்தப் பலகை தொங்கும். உள்ளே சீட்டு நடக்கும், கேரம் நடக்கும். எஃப்எல்2 உரிமம் இருந்தால் மதுவும் உண்டு. மன்றம் இல்லாத ஊரிலும் அவர்களுக்குக் குறையில்லை. டீக்கடை பெஞ்சு இருக்கிறது, மரத்தடி இருக்கிறது, கோயில் மண்டபம் இருக்கிறது. பழைய கோயில்களின் கல் தரையில் ஆடுபுலி ஆட்டத்துக்கான கோடுகளை உளியால் வெட்டி வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மகிழ வேண்டிய மனம் யாருடையது என்பதில் ஊருக்குச் சந்தேகமே வந்ததில்லை போல.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் இதற்கு ஒரு பருவமே உண்டு. ஜூனில் சாரல் தொடங்கி, குற்றாலத்தில் அருவி கொட்டினால் சீசன். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டு, அறை போட்டு விடிய விடியச் சீட்டாடும் கூட்டம் எங்கெங்கிருந்தோ வரும். அதே மூன்று மாதம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு எப்படிப் போகும் தெரியுமா? சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தக்காரர்கள் வருவார்கள். வீடு நிறைய ஈரத் துண்டுகள் தொங்கும். எதுவும் காயாது. காலையில் வைத்த சாம்பார் பத்து மணிக்கே தீர்ந்துவிடும். அருவியில் பெண்கள் பக்கத்து வரிசையில் நின்று தலையை நனைத்துவிட்டு ஓடி வந்து அடுப்பைப் பற்றவைத்தால் எங்கள் சீசன் முடிந்தது.

இதற்கு நடுவில்தான் நாங்கள் ஆறு பேர் மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூடி, எட்டு மணிவரை விளையாடுகிறோம். நாலு வருஷமாக நடக்கிறது. எந்த ஆட்டத்தை ஆடுவது என்று முடிவு செய்ததில் நாங்கள் கற்றுக்கொண்டதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியம் என்று நினைப்பவர்களுக்காகவும், வளர்ந்த பெண்கள் உட்கார்ந்து ஆடுவதே அதிகப்படி என்று நினைப்பவர்களுக்காகவும்.

ஆறு பேர் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், பள்ளியில் கணக்கு டீச்சர். என் மாமியார், நான் கூப்பிடுவது அத்தை, வயது எழுபத்தாறு. என் அண்ணன் மனைவி, எங்கள் பக்கத்து வழக்கில் மதினி. அண்ணன் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. பக்கத்துத் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவர். அரசு மருத்துவமனையில் வேலை பார்க்கும் செவிலியர் தோழி. கடையநல்லூரிலிருந்து பஸ் ஏறி வரும் என் சக ஆசிரியை. விடுமுறைக்கு வந்தால் ஏழாவதாக மதினியின் மகளும் பெங்களூரிலிருந்து வந்து சேர்ந்துகொள்வாள்.

பெண்கள் விளையாடியதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. பல்லாங்குழி, தாயம், பரமபதம், ஐந்தாங்கல் எல்லாம் பாட்டிமார் கைக்குள் இருந்தவைதான். ஆனால் அவை எப்போது அவர்கள் கைக்கு வந்தன என்று யோசித்துப் பாருங்கள். என் ஆச்சி செங்கோட்டை இன்னும் திருவிதாங்கூரோடு இருந்த காலத்தில் பெரியவளானவர். எங்கள் தாலுகா தமிழ்நாட்டுக்கு வந்தது 1956 நவம்பர் 1 அன்று. ஓலைக் குச்சுக்குள் அவரைத் தனியாக உட்கார வைத்த பதினாறு நாளும் துணைக்கு இருந்தது ஒரு பல்லாங்குழிப் பலகை. அடுத்து அந்தப் பலகை வெளியே வந்தது அவர் முதல் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண்விழிக்கப் பரமபதம். பல்லாங்குழியில் ஒருத்தி மட்டும் தனியாக ஆடும் ஒரு வகை இருக்கிறது. அதன் பெயர் சீதாப்பாண்டி. அசோகவனத்தில் சீதை தனியே ஆடியது என்று கதை சொல்வார்கள்.

தீட்டு, சூல், விரதம், சிறை. பெண் கையில் ஆட்டப் பலகையைக் கொடுத்ததெல்லாம் அவளை வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒதுக்கிவைத்த நேரத்தில்தான். மற்றபடி மத்தியானத் தூக்கத்தை விட்டுக்கொடுத்து ஒரு தாயம் போடலாம், அதுவும் நாலு மணிக்குள். விளக்கு வைக்கும் நேரத்தில் சோழியைக் குலுக்கினால் வீட்டுக்குள் மூதேவி வந்து உட்காருவாள் என்று ஆச்சியே எங்களை அதட்டியிருக்கிறார். மூதேவிக்கு மட்டும் உட்கார நேரம் இருந்திருக்கிறது.

எதற்காக சாயங்காலம் என்றால், அது எங்களிடமிருந்து மொத்தமாகப் போய்விட்ட பொழுது. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்காகச் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் மறுபடி எடுத்தார்கள். பெண்களுக்கு 289, ஆண்களுக்கு 88. ஐந்து வருஷத்தில் எங்களுக்குப் பத்து நிமிடம் மிச்சமாகியிருக்கிறது. ஆண்களுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம். இந்த வேகத்தில் ஒரு ஆட்டம் ஆடி முடிக்கிற நேரம் தானாகக் கிடைக்கும் என்று காத்திருக்க முடியாது. எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

எடுத்துக்கொண்ட மூன்று மணி நேரத்தில் எதை ஆடுவது? இங்கேதான் ஆட்டம் பற்றிய கேள்வி எங்கள் வாழ்க்கை பற்றிய கேள்வியாக ஆகிவிட்டது.

முதலில் வந்தது பிஸினஸ் ஆட்டம். மும்பையையும் சென்னையையும் விலைக்கு வாங்கி, வீடு கட்டி, வாடகை வசூலிக்கும் அதே ஆட்டம்தான். எல்லா வீட்டுப் பரணிலும் ஒரு பெட்டி கிடக்கும். மொனாப்பொலியின் இந்திய வடிவம் அது. அந்த மொனாப்பொலிக்கு மூலம் ஒரு பெண் செய்தது என்பது பலருக்குத் தெரியாது. லிஸ்ஸி மேகி என்ற அமெரிக்கப் பெண், நிலத்தை ஒரு சிலரே வளைத்துப் போட்டு வாடகையால் மற்றவர்களை ஓட்டாண்டியாக்குவதைக் கண்முன் காட்டுவதற்காக, நிலச்சுவான்தார் ஆட்டம் என்று ஒன்றைச் செய்து 1904இல் காப்புரிமை பெற்றார். பிறகு 1935இல் பார்க்கர் பிரதர்ஸ் நிறுவனம் மொனாப்பொலியை வெளியிட்டபோது அதைக் கண்டுபிடித்த பெருமை சார்லஸ் டாரோ என்ற ஆணுக்குப் போனது. மேகியின் உரிமையை நிறுவனம் 500 டாலருக்கு வாங்கிக்கொண்டது. வாடகையின் அநியாயத்தைக் காட்ட ஒரு பெண் செய்த ஆட்டம், வாடகை வசூலிப்பதன் சுகத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆட்டமாக ஆகிவிட்டது.

கதை நன்றாக இருந்தது. ஆட்டம் எங்களுக்கு ஒத்துவரவில்லை. காரணம் எளிமையானது. இதில் காசு தீர்ந்தவர் வெளியேற வேண்டும். ஒரு ஆண் ஆட்டத்திலிருந்து வெளியேறினால் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்து மற்றவர்களுக்கு யோசனை சொல்வான். எங்களில் வெளியேறியவர் நேராக எழுந்து அடுக்களைக்குப் போனார். காபி டம்ளரைக் கழுவினார். அப்படியே நாளைக்கு மாவு அரைக்க உளுந்தை ஊறப் போட்டார். இரண்டாவதாகத் தோற்றவர் அவருக்கு உதவிக்குப் போனார். கடைசியில் கூடத்தில் இரண்டு கோடீஸ்வரிகள், அடுக்களையில் நாலு பேர். அன்றைக்கு எங்கள் முதல் விதி உருவானது: யாரையும் வெளியேற்றும் ஆட்டம் வேண்டாம். கடைசிக் காய் விழும்வரை எல்லோரும் பாயில் இருக்க வேண்டும்.

இரண்டாவது விதி நேரம் பற்றியது. கடையநல்லூர்த் தோழி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். செவிலியர் தோழிக்கு இரவுப் பணி இருக்கும். வெளிநாட்டில் பெயர் பெற்ற சில ஆட்டங்கள் விதியைப் படிக்கவே ஒரு மணி நேரம், ஆட இரண்டு மணி நேரம் கேட்கும். எல்லோரும் சேர்ந்து ஒரு கொள்ளைநோயை எதிர்த்து ஆடும் பேண்டமிக் என்ற ஆட்டத்தை மருமகள் கொண்டுவந்தாள், 2008இல் வந்தது. ஒருவரை ஒருவர் தோற்கடிக்க வேண்டாம், நோயைத் தோற்கடித்தால் போதும் என்பது கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அட்டையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம். ஆங்கிலமும் விதியும் தெரிந்த ஒருத்தி தலைவி ஆகிவிடுவாள். மற்றவர்கள் அவள் காட்டிய இடத்தில் காயை நகர்த்தும் வேலைக்காரிகள். வீட்டிலும் அலுவலகத்திலும் அதைத்தானே செய்கிறோம். அதைச் செய்ய ஒரு சனிக்கிழமை எதற்கு? ஆக, விதியைப் பத்து நிமிடத்தில் வாயால் சொல்ல முடிய வேண்டும். நாற்பது நிமிடத்தில் ஒரு சுற்று முடிய வேண்டும். நடுவில் போன் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையை வாங்கி ஆட முடிய வேண்டும்.

ஆங்கிலம் வேண்டாத வெளிநாட்டு ஆட்டமும் ஒன்று கிடைத்தது. டிக்சிட் என்று பெயர். 2010இல் ஜெர்மனியின் அந்த ஆண்டுக்கான ஆட்டம் என்ற விருதை வாங்கியது. 84 அட்டைகள், எதிலும் ஒரு எழுத்து கிடையாது, கனவு மாதிரிப் படங்கள் மட்டும். ஒருவர் தன் கையில் இருக்கும் ஒரு படத்துக்கு ஒரு சொல்லோ ஒரு வரியோ சொல்லிக் கவிழ்த்து வைப்பார். மற்றவர்கள் அந்தச் சொல்லுக்குப் பொருந்துகிற படத்தைத் தங்கள் கையிலிருந்து வைப்பார்கள். எல்லாவற்றையும் கலக்கி விரித்த பிறகு, சொன்னவருடைய படம் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். இதில் சூட்சுமம் என்னவென்றால், எல்லோரும் கண்டுபிடித்துவிட்டாலும் சொன்னவருக்குப் பூஜ்யம், ஒருவரும் கண்டுபிடிக்காவிட்டாலும் பூஜ்யம். சிலருக்குப் புரிந்து சிலருக்குப் புரியாமல் சொல்லத் தெரிய வேண்டும்.

மருமகள் விதியைச் சொல்லி முடித்ததும் அத்தை சிரித்தார். “இதுக்கு எதுக்குட்டி பெட்டியும் புஸ்தகமும்? கூட்டுக் குடும்பத்துல அம்பது வருஷம் இப்படித்தானே பேசுனோம்.” அது எவ்வளவு உண்மை என்று ஆடியபோது தெரிந்தது. மாமனாருக்குக் கேட்கக் கூடாது, நாத்தனாருக்குப் புரியக் கூடாது, ஆனால் ஓரகத்திக்குப் போய்ச் சேர வேண்டும் என்று சொல்லைப் பக்குவப்படுத்திப் பழகியவர்களுக்கு இந்த ஆட்டம் தண்ணீர் பட்ட பாடு. மதினி ஒரு படத்துக்கு “தாம்பூலத் தட்டு” என்றார். படத்தில் இருந்தது மூடிய கதவு ஒன்று. அதைச் சரியாகச் சுட்டியவர் அத்தை. ஒன்பது வருஷமாக எந்த விசேஷ வீட்டில் யார் மதினியை முன்வரிசையில் உட்காரச் சொல்லவில்லை என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேசியது கிடையாது. அன்றைக்கும் பேசவில்லை. அத்தை மூன்று புள்ளியை எழுதிக்கொண்டு அடுத்த அட்டையை எடுத்தார். ஆனால் அடுத்து எங்கள் வீட்டில் நடந்த வளைகாப்பில் முதல் வளையலை மதினிதான் போட வேண்டும் என்று அவர் சொன்னபோது எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வந்தது.

மூன்றாவது விதி பகடை பற்றியது. கடையநல்லூர்த் தோழியின் வீட்டில் பகடை உருட்டும் ஆட்டம் கூடாது. மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்று அவர்கள் கடைப்பிடிக்கிறார்கள். அவர் வரும் நாளில் பகடை வெளியே வராது. இதை ஒரு பெரிய விட்டுக்கொடுத்தலாக நாங்கள் நினைப்பதில்லை. கறி சாப்பிடாதவர் வந்தால் கத்தரிக்காய்க் குழம்பு வைப்பதில்லையா? எல்லோரும் ஆடக்கூடியதை எடுப்பதுதான் தேர்வு. எந்த ஆட்டம் உயர்ந்தது என்ற பட்டியல் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பகடைக்கு வேறொரு கெட்ட பெயரும் உண்டு. நாங்கள் கூடுவது தெரிந்ததும் தெருவில் எழுந்த முதல் சொல் சூதாட்டம். திருக்குறளில் சூதுக்கென்று 94ஆம் அதிகாரம் இருப்பதை ஒரு பெரியவர் என் கணவரிடம் நினைவூட்டிவிட்டுப் போனார். மகாபாரதத்தையும் சொன்னாராம். மகாபாரதத்தில் சூதாடியது யார்? பாஞ்சாலி அந்தப் பலகைக்குப் பக்கத்தில்கூட உட்காரவில்லை. ஆடியவர்கள் அவளைப் பணயமாக வைத்தார்கள். அவள் சபைக்கு வந்து கேட்டது ஆட்டத்தின் விதியைப் பற்றிய கேள்வி. தன்னைத் தோற்ற பிறகு என்னைப் பணயம் வைக்க அவருக்கு என்ன உரிமை என்று கேட்டாள். சபையில் பெரும்பாலோர் நேராகப் பதில் சொல்லவில்லை. விதி தெரிந்தவள் வெளியே, ஆடத் தெரியாதவர்கள் உள்ளே. இந்தக் கதையிலிருந்து பெண்கள் ஆடக் கூடாது என்ற பாடத்தை எப்படி எடுக்க முடியும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. எங்கள் பாயில் காசு கிடையாது. தோற்றவர் பாய் மடிக்க வேண்டியதும் இல்லை. ஜெயித்தவர்தான் மடிக்க வேண்டும்.

பகடை ஆடும் நாளில் தாயம்தான். சிவப்புச் சிமெண்ட் தரையில் சாக்பீஸால் கட்டம் போடுகிறோம். பித்தளைத் தாயக்கட்டை அத்தையினுடையது. காய்களுக்கு ஆச்சியின் டப்பாவில் கிடந்த திருவிதாங்கூர்ச் செப்புக் காசுகள், வளையல் துண்டு, புளியங்கொட்டை, பட்டன். தாயம் விழுந்தால்தான் காய் இறங்கும். அதற்குப் பதினைந்து தடவை உருட்டியும் விழாமல் உட்கார்ந்திருப்பவரை மற்றவர்கள் படுத்தும் பாடே தனி ஆட்டம். கட்டையை யார் முதலில் உருட்டுவது என்பதற்கும் ஒருமுறை உருட்டிப் பார்ப்போம். அதிகம் விழுந்தவருக்கு முதல் கை. கட்டைக்கு யார் கழுத்தில் தாலி இருக்கிறது, யார் கழுத்தில் இல்லை என்று தெரியாது.

தாயத்தில் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. எதிராளியின் ஒரு காயையாவது வெட்டாமல் உள்கட்டத்துக்குள் நுழைய முடியாது. உள்ளே போனால்தான் காய் பழமாகும். இதில் எங்கள் வளர்ப்பு பல்லிளித்தது. வெட்ட வேண்டிய இடத்தில் அத்தையின் காய் இருந்தால் நாங்கள் வேறு காயை நகர்த்திக்கொண்டிருந்தோம். மூன்று சுற்று பொறுத்துப் பார்த்துவிட்டு அத்தை வெடித்தார். “என்ன, எனக்கு விட்டுக்கொடுக்கியளா? நான் என்ன சீக்காளியா? வெட்டுட்டி!” வெட்டினேன். வீட்டுக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவர் முகத்துக்கு நேரே நான் ஜெயித்த முதல் காரியம் அது. அடுத்த கையில் அவர் என் காய் இரண்டை வெட்டி, மலையில் ஏறி உட்கார்ந்துகொண்டு கெக்கலித்தார். மரியாதை என்ற பெயரில் பெரியவர்களை நாம் ஆட்டத்துக்கே எடுக்காமல் இருக்கிறோம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. ஆகவே நாலாவது விதி: விட்டுக்கொடுக்கக் கூடாது. பெண்கள் விட்டுக்கொடுக்க வேண்டிய இடங்கள் வெளியே ஏராளமாக இருக்கின்றன.

ஜெயிப்பதைப் பற்றி இன்னொன்று. பதக்கத்துக்காக ஆடும் பெண்ணை இப்போது ஊர் கொண்டாடுகிறது. வடசென்னையிலிருந்து போன இளவழகி கேரம் உலகச் சாம்பியன் ஆனார். அதே வடசென்னையிலிருந்து போன காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினார். சென்னையின் வைஷாலி 2023இல் சதுரங்கத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். என் மாணவிகளுக்கு இந்தப் பெயர்களை நான் சொல்லாத வருஷம் இல்லை. ஆனால் இவையெல்லாம் உழைப்பு. நாட்டுக்கு, குடும்பத்துக்கு, வேலைக்கு ஏதோ ஒரு பலன் அதில் இருக்கிறது. பலனே இல்லாமல், சும்மா, நாற்பத்தெட்டு வயதில், பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஆடும் பெண்ணுக்குத்தான் இன்னும் இடம் பிறக்கவில்லை. சும்மா இருக்கும் உரிமை கடைசியாகத்தான் வந்து சேரும் போலிருக்கிறது.

இடம் என்றதும் அரங்கு என்ற சொல் நினைவுக்கு வருகிறது. ஆட்டத்துக்காக வரையும் கட்டத்துக்கும் அதே பெயர், கூத்து நடக்கும் மேடைக்கும் அதே பெயர். படிக்காமல் அவையில் பேசப் போவதை, அரங்கு இழைக்காமல் வட்டாடுவதற்கு ஒப்பிடுகிறார் வள்ளுவர். கட்டம் போட்டால்தான் ஆட்டம். எங்களுக்கு அந்தக் கட்டத்தை எந்த வீட்டுத் தரையில் போடுவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. எங்கள் ஊர்களில் தெரு என்றால் சாதி. செவிலியர் தோழியிடம் ஊரில் பாதிப் பேர் ஊசி போட்டிருப்பார்கள். அவர் தெருவுக்குள் அந்தப் பாதிப் பேரும் கால் வைத்ததில்லை. மாதம் ஒரு வீடு என்று முறை வைத்தோம். முறை என்றால் முறை. அவர் வீட்டு முறை வந்தபோது அத்தை போவாரா என்று நான் வாயைத் திறந்து கேட்கவில்லை. நாலரை மணிக்கே சேலை மாற்றிக்கொண்டு, தாயக்கட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போன மாதம் தோற்றிருந்தார். கணக்குத் தீர்க்க வேண்டியிருந்தது. சாதியை ஆட்டம் ஒழித்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த வீட்டில் அத்தை குடித்த தேநீர் அவர் வாழ்க்கையில் முதல் தடவை என்பதை மட்டும் சொல்கிறேன்.

சமையல்? அன்றைக்கு யார் வீட்டிலும் அடுப்பு எரியாது. பிரானூரிலிருந்து பரோட்டாப் பொட்டலம் வரும். வாங்கி வருவது வீட்டு ஆண்களின் பொறுப்பு. முதல் இரண்டு மாதம் முணுமுணுத்தார்கள். இப்போது எத்தனை என்று அவர்களே கேட்கிறார்கள்.

பீடி சுற்றும் அக்காவைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. தென்காசி மாவட்டத்தில் பல ஆயிரம் பெண்களின் மடியில் பீடித்தட்டு இருக்கிறது. கம்பெனி இலையும் தூளும் தரும். சுற்றிக் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. மாதச் சம்பளக்காரியான எனக்கு சனிக்கிழமை சாயங்காலம் விடுமுறை. அக்காவுக்கு அப்படி ஒன்று கிடையாது. அவர் கணக்கில் ஒரு மணி நேரம் என்றால் நூறு பீடி. மூன்று மணி நேரம் எங்களோடு உட்கார்ந்தால் முந்நூறு பீடியின் கூலி போய்விடும். ஆகவே தட்டையும் கையோடு கொண்டுவந்தார். தாயம் அதற்கு வசதி. தன் முறை வரும்வரை சுற்றுவார், முறை வந்தால் கட்டையை உருட்டுவார், மறுபடி சுற்றுவார். டிக்சிட்டிலும் அப்படியே. அவருக்காகவே சுற்றுக்கு இடைவெளி அதிகமுள்ள ஆட்டங்களை நான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது அவருக்கு உதவி என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

ஒருநாள் அவரே, “டீச்சர், பல்லாங்குழி போடலாமா?” என்று கேட்டார். பல்லாங்குழி இரண்டு பேர் ஆட்டம். ஆச்சியின் மரப்பலகை ஒன்று இருந்தது, செவிலியர் தோழியிடம் மீன் வடிவ மடக்குப் பலகை ஒன்று, மூன்றாவதற்குத் தரையில் பதினாலு வட்டம் வரைந்தோம். ஒரு பக்கத்துக்கு ஏழு குழி, குழிக்கு ஐந்து காய், ஆக எழுபது. ஒரு குழியை அள்ளி ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். காய் தீர்ந்தால் அடுத்த குழியை அள்ளித் தொடர வேண்டும். அடுத்தது காலியாக இருந்தால் அதைத் தொட்ட குழியை வழித்துக்கொள்ளலாம். நடுவில் எந்தக் குழியில் நாலு சேர்ந்தாலும் அது பசு. குழிக்குரியவர் உடனே எடுத்துக்கொள்ள வேண்டும், கண் தப்பினால் போச்சு. பகடை கிடையாது, அதிர்ஷ்டம் கிடையாது, முழுக்கக் கணக்கு. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய அக்கா, குழியைப் பார்த்த மாத்திரத்தில் கடைசிக் காய் எங்கே விழும் என்று சொன்னார். கணக்கு டீச்சர் நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். இலங்கையில் சித்திரைப் புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் ஆடும் ஒலிந்த கெலியவும், ஆப்பிரிக்க நாடுகளில் ஆடும் மங்கலா வகைகளும் இதன் உறவுக்காரர்கள். கணக்கு என்று பெயர் வைக்காமலே எங்கள் பெண்கள் போட்டுவந்த கணக்கு இது.

இரண்டாவது ஆட்டத்தில்தான் கவனித்தேன். பீடித்தட்டு சுவர் ஓரம் கிடந்தது. ஏன்க்கா என்று கேட்டதற்கு அவர் சொன்னது: “இதுக்கு ரெண்டு கையும் வேணும்லா. ஒரு கை போடணும், ஒரு கை பசுவ அள்ளணும்.” கொஞ்ச நேரம் கழித்து, “அதான் கேட்டேன்” என்றார்.

எந்த ஆட்டம் நல்ல ஆட்டம் என்று யாராவது கேட்டால் இப்போது எனக்கு ஒரே அளவுகோல்தான். இரண்டு கையையும் கேட்கிற ஆட்டம். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே, துணி மடித்துக்கொண்டே, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டே, இலையைச் சுருட்டிக்கொண்டே நாம் எதையும் செய்யப் பழகியவர்கள். அந்தப் பழக்கத்துக்கு வசதி செய்துகொடுக்கும் ஆட்டம் இன்னொரு சீரியல் மாதிரிதான். கூலிக் கணக்கு அப்படியே இருக்கிறது. முந்நூறு பீடி போனது போனதுதான். அதற்கு எங்களிடம் விடையில்லை. மாதத்துக்கு ஒரு சாயங்காலம் அதன் விலை தெரிந்தே அவர் வருகிறார் என்பதால், அந்த மூன்று மணி நேரத்தை வீணாக்காத ஆட்டத்தை எடுப்பது எங்கள் கடமையாகிவிட்டது.

உங்கள் தெருவிலும் தொடங்க நினைத்தால் பெட்டி எதுவும் வாங்க வேண்டாம். மாசி, பங்குனியில் புளி வந்து இறங்கும். கொட்டை எடுத்து முடித்துப் பெருக்கித் தள்ளுவதற்கு முன்னால் எழுபதை மட்டும் எண்ணி எடுத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.